மூடியில்லாத போத்தல்

பதுளை டவுனில் நான் வேலை செய்கிற ஃபேன்சி கடையில், கண்ணாடி அலமாரிக்கு மேலே ஒரு பாட்டுக்காரியின் படம் தொங்குகிறது. வெள்ளைக்காரி. ஒரு கை இடுப்பில், மறு கையில் சென்ட் போத்தல். புதுப் பாட்டு ஏதாவது வெளியிட்டால் கூடவே ஒரு சென்ட்டும் வெளியிடுவது அவள் பழக்கம். முதலில் ரோஸ் நிறம் வந்தது, பிறகு நீலம், பிறகு கறுப்பு, கடைசியில் தங்க நிறம். எல்லாப் போத்தலும் கையில் பிடித்துப் பாடுகிற மைக்கின் வடிவம். அவளுடைய பாட்டில் ஒரு வரிகூட எனக்கு முழுதாக வராது. ஆனால் சென்ட்டைப் பற்றிக் கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ரோஸில் மல்லிகை தூக்கும். நீலம் அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். கறுப்பில் ஏலக்காயும் புகையும். தங்கத்தில் நன்றாகப் பழுத்த வாழைப்பழமும் தேனும்.

"இது அவ போடுறதா?" என்று கேட்காத பெண் கிடையாது. "ஆமா, அவ இதுலதான் குளிக்கிறா" என்பேன். முதலாளி கல்லாவிலிருந்து முறைப்பார். முறைக்கட்டும். அந்தத் தங்கப் போத்தலை அவள் மோந்துகூடப் பார்த்திருக்க மாட்டாள் என்பது என் கட்சி. அதைப் பூசிக்கொண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தால் அவளைக் கொழுந்து மலைக்குள் காலெடுத்து வைக்க விட மாட்டார்கள்.

ஒவ்வொரு புதுச் சென்ட் வரும்போதும் கொழும்பு ஏஜென்ட் ஒரு டெஸ்டர் போத்தல் தருவார், வருகிறவர்கள் அடித்துப் பார்ப்பதற்கு. அதற்குப் பெட்டி கிடையாது. மூடியும் கிடையாது. கம்பனியிலிருந்து வரும்போதே மூடி இல்லாமல்தான் வரும். வியாபாரத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. என் அக்காவின் முன்பல் இரண்டும் போனது அந்த இல்லாத மூடியால்தான்.

அக்கா நமுனுகுலப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான் டவுனில் கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. விடிந்ததும் பஸ் ஏறி அவளிடம் போய்விடுவேன். ஒருநாள் அவள் தன் கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருடி. எந்த சோப்பு போட்டாலும் தேயிலை வாசம் போகுதா பாரு. செத்தா எனக்கு ஊதுபத்திகூட கொளுத்தாதீங்க, வீண் செலவு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் தங்க நிற டெஸ்டர் பாதி தீர்ந்ததும் ஏஜென்ட் புதிதாக ஒன்று வைத்தார். பழையதை முதலாளி எனக்குக் கொடுத்தார். நான் அதைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். பச்சைப் பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினாள்.

"வேலைக்குப் போடாத, தெரியும்ல?" என்றேன்.

"டவுன்ல கடையில நிக்கிறவ மலையில நிக்கிறவளுக்குச் சொல்லித் தர்றாளாம்! போடி" என்றாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, தலையில் கட்டுகிற துணியில் ஒரே ஒரு தடவை அடித்துக்கொள்வாள். அந்தத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்திருப்பாள். அவ்வளவுதான் அவளுடைய ஆடம்பரம்.

இனி அவள் புருஷன். மொனராகலைப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவன். கல்யாணம் முடித்து எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கே வந்து, பசறையில் ஓட்டோ ஓட்டினான். வரும்போது உடுப்பு மூட்டையோடு கரும்பு வெட்டுகிற கத்தியையும் கொண்டு வந்தான். கரும்பே இல்லாத ஊரில் கரும்புக் கத்தி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அது கதவுக்குப் பின்னால் தொங்கியது. வாரம் ஒரு தடவை கல்லில் தீட்டி, எண்ணெய் போட்டு மறுபடி தொங்கவிடுவான். தீட்டும்போது அக்காவைப் பார்த்துக்கொண்டே தீட்டுவான். கசிப்பு குடிக்கிற நாளில் கையால் அடிப்பான், குடிக்காத நாளில் பெல்ட்டால் அடிப்பான். ஏனென்றால் குடிக்காத நாளில் யோசிப்பான்.

போத்தலை அவன் கண்டுபிடித்தது அரிசி டப்பாவுக்குள். பாதி தீர்ந்த போத்தல், பெட்டி இல்லை, மூடி இல்லை. அக்கா என் பெயரைச் சொன்னாள். அவன் நம்பவில்லை.

"தங்கச்சி குடுத்தா மூடியோட குடுப்பா. மூடி எங்கடி?"

"அதுக்கு மூடி இல்லைங்க."

"மூடி இல்லாத சென்ட்டு உலகத்துல இருக்கா? அவன் மூடிய வச்சிக்கிட்டு போத்தல ஒனக்குக் குடுத்திருக்கான். நெனப்புக்கு ஒண்ணு அவன்கிட்ட, ஒண்ணு ஒன்கிட்ட. எவன்டி அவன்?"

அன்றைக்குத்தான் பல் போனது. கதவு நிலையில் முகத்தைப் பிடித்து அடித்தானாம். நான் செவ்வாய்க்கிழமை போனபோது அக்கா கையால் வாயை மறைத்துக்கொண்டு சோறு போட்டாள். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு நேரே பசறைக்குப் போய், ஓட்டோக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், "மச்சான், பொம்பளப் பல்ல ஒடைச்ச ஆம்பளைக்குக் கடையில வளையல் இருக்கு, கொண்டு வரவா?" என்று கேட்டேன். சிரித்தான். ஆட்கள் முன்னால் அவன் எப்போதும் சிரிப்பான்.

அடுத்த லீவுக்கு முதலாளியிடம் கெஞ்சி நான்கு நிற டெஸ்டரையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவன் முன்னால் வரிசையாக வைத்தேன்.

"பாருங்க மச்சான். ரோஸ், மூடி இல்ல. நீலம், மூடி இல்ல. கறுப்பு, மூடி இல்ல. இது மூடியில்லாமத்தான் வரும்."

அவன் ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, கழுத்தைத் தடவிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "அப்ப எல்லா மூடியும் அவன்கிட்டதான் இருக்கா?" என்றான்.

சொன்னால் சிரிப்பீர்கள். நான் போத்தல்களை அள்ளிப் பையில் போட்டேன். இவன் என்றைக்காவது அவளைக் கொன்றுவிடுவான் என்று எனக்கு அன்று தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. "என்னோட வா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "எங்க போனாலும் கத்தியோட வருவான்டி. ஒன்னையும் வெட்டுவான்" என்றாள். தங்கப் போத்தலை அவன் சாட்சிக்கு வைக்கிற மாதிரி அரிசி டப்பாவிலேயே விட்டு வைத்தான், அவளும் சாயங்காலத்து ஒரு தடவையை விடவில்லை.

எங்கள் தோட்டத்துப் பெரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், ஒரு வழக்கம் உண்டு. வெயில் காலத்தில் குளவி கூடு கட்டிவிட்டால் கங்காணி ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு மோந்து பார்ப்பார். பூ, பவுடர், வாசனை எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். "கங்காணியய்யாவுக்குக் காலங்காத்தால என்ன ஆசை பாரு" என்று பெண்கள் சீண்டுவார்கள். "ஒங்க வேர்வைய மோக்கணும்னு எனக்கு என்னடி தலையெழுத்து? போன வருசம் செத்தவள நெனச்சுப் பாருங்க" என்பார். போன வருடம் குளவி கொட்டி ஒருத்தி செத்திருந்தாள். அதனால் சீண்டல் அதோடு நின்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. கூடு இருக்கிற மலைக்குப் போகிற வழியில் முதல் சவுக்கு மரத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். அதைத் தாண்டி யாரும் போகக் கூடாது. தெரியாமல் போய்க் குளவி கிளம்பிவிட்டால் ஓடக் கூடாது. தேயிலைச் செடிக்கு அடியில் குப்புற விழுந்து, இடுப்பில் கட்டியிருக்கிற தடித்த படங்குத் துணியை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் கிடக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அந்த வருடம் பாறை மலையில், பெரிய பாறையின் அடியில், ஆள் உயரத்துக்குக் கூடு தொங்கியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா செய்த தப்பு இதுதான்: முந்தின நாள் சென்ட் அடித்த தலைத்துணியையே காலையில் கட்டிக்கொண்டு, அதன் மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டாள். துவைத்த தலைத்துணி ராத்திரி பெய்த மழையில் காயவில்லை, அதனால் கைக்கு வந்ததைக் கட்டியிருக்கிறாள். கங்காணி பக்கத்தில் வரும் முன்பே முகத்தைச் சுளித்தார்.

"என்னடி இது, வாழைப்பழக் கடை மாதிரி வந்திருக்க? இந்த வாசத்துக்கு அதுகளுக்கு வெறி ஏறும். போ, பீலியில தலைக்குக் குளிச்சி, துணி மாத்திட்டு வா."

அக்கா திரும்பி வந்து, மலையிலிருந்து பீலிக் குழாயில் கொட்டுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுத் தலைக்குக் குளித்து, வேறு துணி உடுத்து, படங்கைக் கட்டிக்கொண்டு கூடையை எடுக்க வீட்டுக்குள் போனாள். புருஷன் அன்று ஓட்டோ எடுக்கவில்லை. விழித்துப் பார்க்கிறான்: வேலைக்குப் போனவள் பாதிக் காலையில் ஈரத் தலையோடு நிற்கிறாள்.

நான் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். "யார்கிட்ட போயிட்டு வந்து குளிச்ச?" என்ற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. ஓடினேன். உள்ளே போனால், அக்காவின் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அவள் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். சுவரில் இரத்தம். அக்காவிடமிருந்து சத்தமே வரவில்லை. எனக்கு என்ன வந்ததோ, அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவி அவன் தோளில் போட்டேன். சட்டை பொசுங்கியது. அவன் திரும்பி, கதவுக்குப் பின்னாலிருந்து கத்தியை எடுத்து, அதன் முதுகால் என் கையில் ஓங்கி ஒன்று வைத்தான். கட்டை எங்கேயோ பறந்தது. மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இப்போதும் மழை இருட்டிக்கொண்டு வந்தால் அந்த இடம் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்.

பிறகு அவன் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுப் போத்தலை எடுத்தான். "இன்னையோட ஒன் சென்ட்டும் முடிஞ்சிச்சு, நீயும் முடிஞ்ச" என்று வாசல் கல்லில் அடித்தான். உடையவில்லை. நல்ல தடித்த கண்ணாடி. வெறி பிடித்து மறுபடி அடித்தான். மூன்றாவது அடியில் கைக்குள்ளேயே நொறுங்கியது. உள்ளங்கை கிழிந்து, மிச்சம் இருந்த சென்ட் முழுவதும் அவன் சட்டையிலும் கழுத்திலும் கொட்டியது. லயம் முழுக்க வாழைப்பழமும் தேனும் நாறியது. அவன் கையைப் பார்த்த அந்தக் கணத்தில் அக்கா எழுந்து அடுப்படிப் பக்கம், குசினிக் கதவால் வெளியே பாய்ந்தாள்.

குசினிக்கு வெளியே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று பக்கத்து லயத்துக்கும் பெரட்டுக்கும் போகும், ஆட்கள் இருக்கிற பக்கம். மற்றது பாறை மலைக்கு. அக்கா பாறை மலைப் பக்கம் திரும்பினாள். அவன் கத்தியோடு பின்னால். நான் தொங்குகிற கையைப் பிடித்துக்கொண்டு அவனுக்குப் பின்னால். "வெட்டப் போறான், வாங்களேன்டா!" என்று கத்தினேன். ஒருத்தன் வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றான். "புருசன் பொஞ்சாதி சண்டை, நமக்கு என்னா" என்று சொல்லித் துப்பினான். நன்றாக இருக்கட்டும் அவன் குடும்பம். இதற்கு மேல் சொன்னால் அச்சில் வராது.

சிவப்புத் துணி கட்டிய சவுக்கு மரத்தை அக்கா தாண்டினாள். அவனும் தாண்டினான். நான் அங்கேயே நின்றேன். கால் தானாக நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து வந்த பழக்கம்.

பாறைக்குக் கிட்டே போனதும் அக்கா இரண்டு தேயிலை வரிசைக்கு நடுவே குப்புற விழுந்து, படங்கை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மேலேயிருந்து பார்த்தால் அங்கே ஒரு ஆள் கிடப்பது தெரியாது. அவன் நடுவெயிலில் நின்று, "எங்கடி ஒளிஞ்ச?" என்று தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டி வெட்டித் தேடினான். பாறையிலிருந்து முதலில் ஒன்று வந்தது. கழுத்தில் உட்கார்ந்தது. அடித்தான். அவ்வளவுதான் தாமதம். பாறையே கழன்று வந்த மாதிரி கூடு மொத்தமும் கிளம்பி வந்து அவன் மேல் அப்பியது. சட்டையில், கழுத்தில், சென்ட் பட்ட இடமெல்லாம். கத்தியை விசிறினான். தன் காலையே வெட்டிக்கொண்டான். அவன் போட்ட அலறல் மாதிரி ஒன்றை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை.

அப்போது படங்குக்குள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"படுங்க! குப்புறப் படுங்க! ஓடாதீங்க!"

மூச்சுக் காட்டக் கூடாது என்று தெரிந்தவள். வாயைத் திறந்து கத்தியதற்கு அவள் உதட்டிலும் கன்னத்திலும் கொட்டியது. ஆனாலும் கத்தினாள். இரண்டு தடவை கத்தினாள், என் காதால் கேட்டேன். அவன் படுக்கவில்லை. அவள் சொல்லி அவன் எதைத்தான் கேட்டிருக்கிறான்? ஓடினான். ஓட ஓடக் கொட்டின. மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தான்.

கங்காணியும் ஆட்களும் பச்சை மானாப் புல்லைக் கொளுத்திப் புகை போட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. கொழுந்து லொறியில் மூன்று பேரையும் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அவன் முகம் மூக்கு தெரியாமல் வீங்கியிருந்தது. செத்துவிடுவான் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், சாகட்டும் என்றுதான் நினைத்தேன். சாகவில்லை. ஒரு கண் போனது, காலில் வெட்டுக் காயம் ஆறியும் நொண்டல் மிஞ்சியது.

பேச வாய் வந்ததும் அவன் சொன்ன முதல் பேச்சு, "கூட்டிட்டுப் போயி என்னைக் குளவிக்குக் குடுத்துட்டா" என்பது. சிவப்புத் துணியைச் சாமிக்குக் கட்டியது என்று நினைத்தானாம். தோட்டம் முழுக்க அதே பேச்சானது. பல் விளக்கிக்கொண்டு நின்றவன்கூட, "பெரட்டுப் பக்கம் ஓடியிருக்கலாம்ல? நாங்கெல்லாம் இருந்தோம்ல?" என்று ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டான். அவனைக் கட்டுப்போட்ட கையாலேயே அடிக்கப் போனேன், தாதி பிடித்துக்கொண்டாள்.

வீக்கம் வடிந்த பிறகு நானே அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, தெரிஞ்சுதான் அந்தப் பக்கம் ஓடினியா?"

"தெரிஞ்சுதான் ஓடினேன்" என்றாள். கொஞ்சமும் குரல் இறங்கவில்லை. "பெரட்டுப் பக்கம் ஓடினா நாலு பேரு நின்னு பாத்திருப்பாங்க. இத்தன வருசமா பாத்துக்கிட்டுதானே இருந்தாங்க. குளவிகிட்ட குப்புறப் படுத்தா விட்டுரும்டி. இவன்கிட்ட படுத்தாலும் மிதிப்பான்."

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நேரே என் அறைக்குக் கூட்டி வந்தேன். இந்தத் தடவை வரமாட்டேன் என்று சொல்லவில்லை. முதலாளி அவளையும் கடைக்கு எடுத்துக்கொண்டார். முன்பல் இல்லாமல் எப்படி ஆட்களோடு பேசுவது என்று முதலில் வாயைப் பொத்திக்கொண்டே நின்றாள். பிறகு பழகிவிட்டது. இப்போது என்னைவிட அவள்தான் நன்றாக விற்கிறாள், எனக்குப் பொறாமைகூட உண்டு.

அவன் வருவான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் சொன்னதுதான்: எங்கே போனாலும் வருவான். போன சந்தை நாளன்று காலையில், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். இடுப்பில் சாரத்துக்குள் ஏதோ நீளமாகச் செருகியிருந்தது. எனக்கு அது என்னவென்று தெரியும். ஆட்கள் முன்னால் வழக்கம்போலச் சிரித்தான்.

"வீட்டுக்கு வா" என்றான்.

அக்கா அவனைப் பார்த்தாள். அலமாரிக்கு மேலே பாட்டுக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா தங்க நிற டெஸ்டரை எடுத்தாள். வாசல் பக்கமாக நீட்டி ஒரே ஒரு தடவை அடித்தாள்.

அந்த வாழைப்பழ வாசம் அவன் மூக்கை எட்டியது. சிரிப்பு போனது. வெறுங்கையால் தன் கழுத்தை அடித்தான், கன்னத்தை அடித்தான், காதை அடித்தான். அங்கே ஒரு ஈகூட இல்லை. கண்ணாடி கழன்று விழ, பின்பக்கமாகவே நகர்ந்து போய், நடைபாதையில் பரப்பியிருந்த தக்காளிக் கூடையில் மல்லாக்க விழுந்தான். கத்தி ரோட்டில் விழுந்து சத்தம் போட்டது. அதை எடுக்கவில்லை. எழுந்து, தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நொண்டி நொண்டி ஓடினான். அக்கா வாசலுக்கு வந்து அவன் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தாள். "படுங்க" என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

உள்ளே வந்து போத்தலை அதன் இடத்தில் வைத்தாள். நடந்தது எதுவும் விளங்காமல் அலமாரிப் பக்கம் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, போத்தலைக் காட்டி, "அக்கா, இதுக்கு மூடி இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் அக்கா. "இது மூடியில்லாமத்தான் வரும்."